படுகையில் ஏன் என்றவர்

என் வீட்டுக்காரர் பேரை இதில் எழுதப் போவதில்லை. எழுதத் தெரியாமல் இல்லை. நான் படித்தது மூணாம் வகுப்புதான் என்றாலும் அந்தப் பேரில் இருக்கிற எழுத்தெல்லாம் எனக்குத் தெரியும். வாயால் அதை என் ஆயுளில் ஒரே ஒரு நாள், மூணு தரம் சொல்லியிருக்கிறேன். அந்த நாளைப் பற்றி என்னிடம் கேட்டவர்களுக்கெல்லாம் பாதிதான் சொன்னேன். மீதியையும் சேர்த்து இப்போது எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, மேலூர் போகிற பாதையில் ஒரு சந்து. மொத்தம் ஆறு வீடு. வடக்கே நாலு வயலைத் தாண்டினால் கொள்ளிடக் கரை. கரைக்கும் ஆற்றுக்கும் நடுவில் கிடக்கிற தாழ்ந்த நிலத்தைப் படுகை என்போம். படுகை முழுக்க வாழை. அதற்குள் தண்ணீர் இறைக்கிற ஆயில் இஞ்சின் மூணு, மூணுக்கும் கீற்றுக் கொட்டகை. கிழக்குக் கொட்டகை, நடுக் கொட்டகை, மேற்குக் கொட்டகை. மூணு இஞ்சினும் என் வீட்டுக்காரர் பொறுப்பு. அவர் குளித்தலைக்கு அந்தப் பக்கத்துக்காரர். கல்யாணம் முடிந்த கையோடு இங்கே வேலைக்கு வந்தோம். அதனால் சந்தில் அவருடைய பேர் யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் இஞ்சின்காரர். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை. பேர் எல்லாருக்கும் இருக்கும், இஞ்சின் எல்லாருக்கும் ஓடாது.

அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஆற்றோரம் இருக்கும்போது யார் கூப்பிட்டாலும் பதில் சொல்ல மாட்டார். பேர் சொல்லி மூணு தரம் கூப்பிட்டால்தான் ஏன் என்று கேட்பார். ஒருதரம் ரெண்டுதரம் கூப்பிடுவது மனுசர் இல்லை, தண்ணியில் இருப்பது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அதற்கு மூணாம் தரம் கூப்பிட வராதாம். நானும் அதைக் கேட்டு வளர்ந்தவள்தான். ஆனால் அவர் கண்ணால் பார்த்தவர். அவருடைய அண்ணன், நல்ல வளர்ந்த ஆள், கரையில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தவர், யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பி, "ஏன், இந்தா வரேன்" என்று சொல்லிக்கொண்டே தண்ணிக்குள் நடந்து போனாராம். இவர் பத்தடி தள்ளி நின்றிருக்கிறார். இவர் காதுக்கு யாரும் கூப்பிட்டது கேட்கவில்லை.

கல்யாணமான புதிதில் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீ என்னைக்கும் என் பேரைச் சொல்ல மாட்ட. அதனால ஆத்தங்கரைக்கு வந்து நீ என்னைக் கூப்பிட்டுப் பிரயோசனமில்ல. சோத்த வச்சுட்டுப் போயிடு."

எங்கள் பக்கத்து வீடு ராவுத்தர் வீடு. பாலக்கரையிலிருந்து வந்து, வாழையிலை வியாபாரம் செய்தவர்கள். சந்திலேயே அவர்களுடையதுதான் மாடி வைத்த மெத்தை வீடு. ராவுத்தரம்மா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வந்த புதிதில் அக்கா அக்கா என்று அவர் வாசலிலேயே கிடந்தேன். அப்புறம் ஒரு சாக்கடையால் பேச்சு நின்றது. ரெண்டு வீட்டுக்கும் நடுவில் ஓடுகிற சாக்கடை அடைத்துக்கொண்டது, யார் வெட்டுவது என்று வாய் வளர்ந்தது. "வாடகை வீட்டுக்காரி வாய்க்கால் சட்டம் பேசறா" என்று அவர் சொன்னார். "மாடியில இருக்கறவங்களுக்குக் கீழே நாறறது தெரியாது" என்று நான் சொன்னேன். எட்டு மாதம் முகம் பார்க்கவில்லை. சாக்கடையை ரெண்டு பேரும் வெட்டவில்லை.

அந்த வருசம் ஆடியில் தண்டோரா போட்டார்கள், மேட்டூரில் நிறையத் திறந்துவிட்டிருக்கு, படுகையில் யாரும் இருக்கக் கூடாது என்று. என் வீட்டுக்காரர் விடிந்ததும் நீராகாரத்தைக் குடித்துவிட்டு எழுந்தார். "பெல்ட்டையும் ஆயில் டின்னையும் பரண்ல ஏத்திட்டு வந்துடறேன். மூணு கொட்டகைக்கும் சேத்து ரெண்டு மணி நேரம்" என்றார். போனார்.

வெள்ளம் என்றால் இடி மழை என்று நினைப்பீர்கள். அன்றைக்கு ஒரு சொட்டு இல்லை. வெயில் நன்றாகக் காய்ந்தது. கொடியில் போட்ட புடவை ஒரு மணி நேரத்தில் உலர்ந்துவிட்டது. தண்ணி ஆற்றுப் பக்கத்திலிருந்தும் வரவில்லை. பின்னால், வடிகால் வழியாக, சத்தமில்லாமல் வந்தது. முதலில் எறும்புதான் வந்தது. ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு, எலுமிச்சம்பழம் அளவுக்கு உருண்டை உருண்டையாக, முற்றத்தில் மிதந்து வந்தது. அப்புறம்தான் முற்றத்தில் தண்ணி இருப்பதையே பார்த்தேன். தவளைச் சத்தம் இல்லை. காக்காய்ச் சத்தம் இல்லை. அடுப்பில் சோறு கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. அடுப்புக்குள் தண்ணி போய்விட்டது.

மாடியிலிருந்து ராவுத்தரம்மா குரல் கொடுத்தார்: "ஏ புள்ள."

நான் திரும்பவில்லை. அரிசிப் பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஏ புள்ள, உன்னத்தான்."

தண்ணி முழங்காலுக்கு வந்தது.

"ஏ புள்ள. மூணாச்சு. நான் பேயில்ல, மனுசிதான். ஏறி வா. சண்டைய மாடியில வந்து போடு."

போனேன். மற்ற நாலு வீட்டுக்காரர்களும் அங்கேதான் இருந்தார்கள். ஆம்பிளைகள் எல்லாம் கிழக்கே கரை உடையப் பார்க்கிறது என்று மணல் மூட்டை அடுக்கப் போயிருந்தார்கள். ராவுத்தர் காலையிலேயே டவுனுக்கு இலைக்கட்டோடு போனவர், பாலத்தில் ஆளை விடவில்லை என்று அக்கரையிலேயே நின்றுவிட்டார்.

மெத்தையிலிருந்து பார்த்தால் படுகை தெரியும். அன்றைக்குத் தெரிந்தது வாழையின் தலை மட்டும். அதுவும் ஆடாமல் நின்றது. ஒரு கதவு மிதந்து போனது. அதன்மேல் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது, கத்தாமல். ஒரு மரத்தொட்டில் போனது, உள்ளே துணி விரித்தபடி. எல்லாரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்தோம்.

மத்தியானம் ஆகியும் இவர் வரவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. உதவி கேட்டுப் பழக்கமில்லை எனக்கு. ராவுத்தரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, கொடிக்கம்பாக இருந்த மூங்கிலை உருவினார்.

"இஞ்சின்காரர் உள்ளதானே இருக்காரு. வா."

"நீங்க எதுக்கு? நான் போய்ப் பாத்துக்கறேன்."

"உனக்காகவா வரேன்? உன் புருசன் ஓட்டற இஞ்சின்லதான் எங்க எலைக்குத் தண்ணி பாயுது. நட."

ரெண்டு பேரும் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு இடுப்புத் தண்ணியில் கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். கரைமேல் மாடும் கன்றும் வரிசையாக நின்றன. மாட்டுக்காரப் பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். முக்கொம்புப் பக்கத்திலிருந்து தண்ணி தள்ளிக்கொண்டு வந்த ஒரு பரிசல்காரர், பரிசலைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். வயசானவர், உடம்பு கயிறு மாதிரி.

விசயத்தைச் சொன்னேன். அவர் படுகையைப் பார்த்தார்.

"வாழை நிக்கிது. உள்ள போனா பரிசல் சுத்திக்கும். தண்ணி இன்னும் ஏறுது. ஒருதரம் போயிட்டு வரலாம், ரெண்டாந்தரம் விடாது. எந்தக் கொட்டகைன்னு சொல்லுங்க, போறேன்."

"தெரியாதுங்க. மூணுல எதுலயும் இருக்கலாம்."

"மூணும் மூணு திக்குல இல்ல இருக்கு? அப்பக் குரல் குடுங்க. எங்கேருந்து ஏன்னு வருதோ அங்க போறேன். வரலேன்னா போக மாட்டேன். பொணத்துக்காகப் பரிசல விட முடியாது, கோவிச்சுக்காதீங்க."

நான் கூப்பிட்டேன். "ஏங்க… ஏங்க…" என்றுதான் கூப்பிட முடியும் எனக்கு. என் குரல் தண்ணிமேல் போய், வேறு யாரோ மெதுவாகக் கூப்பிடுகிற மாதிரி மேற்கேயிருந்து திரும்பி வந்தது. பரிசல்காரர் கூப்பிட்டார்: "ஓய், இஞ்சின்காரரே." அதுவும் திரும்பி வந்தது. படுகையில் ஒரு இலை அசையவில்லை.

"உங்க ஊட்டுக்காரருக்குக் காது மந்தமா?"

"நல்லாக் கேக்கும். பேர் சொல்லி மூணு தரம் கூப்பிட்டாத்தான் பதில் சொல்லுவாரு."

"சரியான ஆளு. அப்பப் பேர் சொல்லிக் கூப்பிடும்மா."

புருசன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த உடம்பு இது. சொல்லாவிட்டால் இன்றைக்கே போய்விடும். ரெண்டும் தெரிகிறது. நாக்கு எழும்பவில்லை.

"அவ சொல்ல மாட்டா" என்றார் ராவுத்தரம்மா. "ஏ புள்ள, எனக்குச் சாடையாச் சொல்லு. நான் கூப்பிடறேன்."

"மலைக்கோட்டையில இருக்கற சாமி பேரு அக்கா."

எட்டு மாதம் கழித்து அக்கா என்றேன். அதை ரெண்டு பேரும் கவனிக்கவில்லை.

"அவ்வளவுதானா" என்று சொல்லிவிட்டு, ராவுத்தரம்மா தலைத்துணியை இழுத்துச் செருகிக்கொண்டு, ரெண்டு கையையும் வாயில் குவித்துக் கூப்பிட்டார். கூப்பிட்டது உச்சியில் இருக்கிற பிள்ளையாரின் பேரை. பாலக்கரையில் பிறந்தவர், நினைவு தெரிந்த நாளாக மலையைப் பார்ப்பவர், மலை என்றால் அவருக்கு உச்சிதான். என் வீட்டுக்காரர் பேரோ பாதி மலையில் இருக்கிற சாமியுடையது. மாமியார் நல்லபடியாகப் பெற்றால் வாழைத்தார் கட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டு வைத்த பேர். பிள்ளையைப் பெறுகிறவர்கள் வேண்டிக்கொள்வது அந்தச் சாமியிடம்தான் என்பது ராவுத்தரம்மாவுக்கு எப்படித் தெரியும்.

முதல் தரம் கூப்பிட்டதும் நான் தடுத்திருக்கலாம். பேர் தப்பு என்று சொல்ல, சரியான பேரைச் சொல்லியாக வேண்டும் என்று தோன்றிற்று. அந்தத் தயக்கத்தில் ரெண்டாம் தரமும் கூப்பிட்டுவிட்டார். மூணாம் தரமும்.

மேற்கேயிருந்து பதில் வந்தது.

"ஏன்."

சத்தமாக இல்லை. பக்கத்து அறையில் படுத்திருக்கிறவர் சொல்வது போலச் சாதாரணமாக இருந்தது. மாடுகள் எல்லாம் அந்தப் பக்கம் தலையைத் திருப்பின. அதனால் எனக்கு மட்டும் கேட்டது என்று சொல்ல முடியாது.

"மேற்குக் கொட்டகை" என்று பரிசல்காரர் எழுந்து பரிசலைப் புரட்டினார்.

"அது அவர் குரல் இல்லீங்க" என்றேன்.

"தண்ணிமேல குரல் மாறும்மா."

"பேரே தப்புங்க. அந்தப் பேரு அவருக்கு இல்ல. இந்தப் பக்கத்துல யாருக்குமே இல்ல."

ராவுத்தரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப ஏன்னு கேட்டது யாரு?" என்றார்.

பரிசல்காரர் ஒரு காலைப் பரிசலில் வைத்துவிட்டார். மேற்கே போனால் திரும்பிக் கிழக்கே போக முடியாது என்று அவரே சொல்லியிருந்தார். இருப்பது ஒரே நடை.

அப்போது சொன்னேன். ஆற்றைப் பார்த்துக்கொண்டு, வீட்டுக்காரர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். வாய்க்குள் கொதிக்கிற சோற்றை வைத்த மாதிரி இருந்தது. ரெண்டாம் தரம் அவ்வளவு சுடவில்லை. மூணாம் தரம் கூப்பிடும்போது எனக்கே அது நல்ல பேராகத் தெரிந்தது.

கிழக்கேயிருந்து வந்தது, கரகரவென்று, எரிச்சலோடு. இஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கும்போது சாப்பிடக் கூப்பிட்டால் சொல்வாரே, அதே மாதிரி. "ஏன்?"

பரிசல்காரர் துடுப்பைத் திருப்பினார். நான்தான் திருப்ப வைத்தேன். அதை மறைக்கவில்லை.

கிழக்குக் கொட்டகைப் பரணில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம், மார்பளவு தண்ணியில். கரைக்குக் கொண்டுவந்து இறக்கியதும் என்னைப் பார்த்து முதலில் கேட்டது: "காலையிலேருந்து கூப்பிட்டுக்கிட்டே இருந்தியே, இப்பத்தான் பேரு ஞாபகம் வந்துச்சா?"

"நான் மத்தியானம்தான் வந்தேன்."

"இல்ல. வெயில் ஏறின நேரத்துலேருந்து. ஏங்க, ஏங்கன்னு. ரெண்டு தரம் கூப்பிடும், நின்னுடும். மறுபடி ரெண்டு தரம். உன் குரல்தான்."

தண்ணிமேல் சத்தம் திசை மாறும், எங்கேயோ யாரோ கூப்பிட்டது இவருக்கு அப்படிக் கேட்டிருக்கும் என்று பிற்பாடு பலரும் சொன்னார்கள். இருக்கலாம்.

பரிசல்காரர் துடுப்பை உதறினார். திரும்பிப் பார்த்தால் ராவுத்தரம்மா பரிசலுக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறார்.

"எறங்குங்கம்மா. இனிமே போக முடியாது."

"நான் கூப்பிட்டேன். அவன் ஏன்னு கேட்டான். கூப்பிட்டுட்டுப் போகாம இருக்கறதா? நீ வரலேன்னா துடுப்பக் குடு."

அந்தக் கிழவர் துடுப்பைக் கொடுக்கவில்லை. "கயிறு வேணும்" என்றார். மாட்டுக்காரப் பெண்கள் கேட்கும் முன்னாலேயே மாடுகளின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்கள். எல்லாக் கயிற்றையும் முடிந்து ஒரே வடமாக்கி, ஒரு நுனியைப் பரிசலில் கட்டி, மறு நுனியை நாங்கள் எல்லாரும் பிடித்துக்கொண்டோம். ஈரத் துணியோடு என் வீட்டுக்காரரும் பிடித்தார். ராவுத்தரம்மாவை இறக்கிவிட்டுப் பரிசல்காரர் மட்டும் போனார். கரையிலிருந்து ராவுத்தரம்மா அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், தொண்டை கட்டுகிறவரைக்கும். பதில் வரவில்லை. கயிறு தீர்ந்த இடத்தில் பரிசல் சுற்றியது. இழுத்துவிட்டோம்.

"கொட்டகையே இல்ல" என்றார் பரிசல்காரர். "எப்பவோ போயிருக்கு. நுரைகூட இல்ல."

அதற்கப்புறம் ஒன்பது நாள் ராவுத்தர் வீட்டு மெத்தையில் ஆறு குடும்பமும் இருந்தோம். எங்கள் வீட்டுச் சுவர் உட்கார்ந்துவிட்டது. அவர்கள் சமையலைச் சாப்பிடாத ஒரு வீட்டுக்கு ராவுத்தரம்மா புதுப் பானையும் தனி அடுப்பும் கொடுத்தார். நான் முதல் நாள் பசியில்லை என்றேன். "பசியில்லாதவ வயிறு எனக்குக் கேக்குது" என்று கஞ்சிக் குவளையை முன்னால் வைத்துவிட்டுப் போனார். குடித்தேன். அந்த ஒன்பது நாளும் அவர் உலையில் ஒரு பிடி அரிசி கூடுதலாகப் போட்டதைப் பார்த்தேன். யாருக்கு என்று கேட்கவில்லை. கடைசியில் அந்த ஒரு ஆள் சோறு மிஞ்சும், காக்காய்க்குப் போகும்.

தண்ணி வடிந்ததும் சேறு. முழங்கால் சேறு, அதற்குள் பாம்பு, செத்த கோழி, யார் வீட்டுப் பாத்திரமோ. என் வீட்டுக்காரர் கிழக்குக் கொட்டகை இஞ்சினைத் தோண்டி எடுத்து, பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி ஓட்டினார். வண்டியில் வைத்துச் சந்து சந்தாக இழுத்துப்போய், கெட்டுப்போன கிணறு அத்தனையும் இறைத்துக் கொடுத்தார். சந்துக்காரர்கள் எங்கள் சுவரை வைத்துக் கொடுத்தார்கள். சாக்கடையை நானும் ராவுத்தரம்மாவும் ஆளுக்கொரு மண்வெட்டி எடுத்து வெட்டினோம். "பாதி என்னுது, பாதி உன்னுது" என்றார். "உங்க பாதியிலதான் நாத்தம் ஜாஸ்தி" என்றேன்.

மேற்குக் கொட்டகையைப் பார்க்க மூணு பேரும் போனோம். கொட்டகை இருந்த இடத்தில் குழி. பக்கத்துப் பூவரச மரத்தில், எட்டாத உயரத்தில், தோள்துண்டு ஒன்று கிளையோடு சேர்த்துக் கட்டியிருந்தது. வெள்ளத்தில் வந்து சிக்கியிருக்கும் என்றேன், ராவுத்தரம்மாவுக்காக. என் வீட்டுக்காரர் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"சிக்கல. ரெட்டை முடிச்சு" என்றார்.

ஆள் காணோம் என்று எந்த ஊரிலிருந்தும் யாரும் தேடி வரவில்லை. மேலூரிலும் விசாரித்தோம், அந்தப் பக்கம் ஜீயபுரம் வரைக்கும் ஆள் விட்டுக் கேட்டோம். அப்படி ஒரு பேரில் ஒருவரும் தொலைந்திருக்கவில்லை.

பிறகு ஒருநாள் தாலுக்கா ஆபீஸிலிருந்து ஒரு குமாஸ்தா வந்தார், பாதிக்கப்பட்டவர்கள் லிஸ்ட் எழுத. ராவுத்தர் வீட்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். என் முறை வந்தது.

"புருசன் பேரு?"

நான் ராவுத்தரம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். சந்தே சிரித்தது. "அவ வருசத்துக்கு மூணு தரம்தான் சொல்லுவா, இந்த வருச கோட்டா முடிஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டு, ராவுத்தரம்மா இவர் பேரைச் சரியாகச் சொன்னார். பாதி மலைச் சாமி என்று விளக்கமும் சொன்னார். குமாஸ்தா எழுதினார்.

"இன்னொரு பேரும் எழுதிக்குங்க" என்றார் ராவுத்தரம்மா. அந்தப் பேரைச் சொன்னார்.

"எந்த வீடு?"

"தெரியாதுங்க."

"வயசு?"

"தெரியாது. குரல் சின்ன வயசா இருந்துச்சு."

"சொந்தக்காரங்க யாரு?"

"நாங்கதான். நான் கூப்பிட்டேன், அவர் ஏன்னு கேட்டாரு. பேரு மட்டும்தான் தெரியும். அதுவும் நாங்க வச்ச பேரு."

குமாஸ்தா பேனாவை மூடினார். சிரிக்கலாமா என்று எங்கள் முகத்தைப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, கடைசி வரிக்குக் கீழே, இடம் விட்டு, அந்தப் பேரை மெல்லிசாக எழுதிக்கொண்டார். அழித்தாரோ என்னவோ, தெரியாது.

ராவுத்தரம்மா இருந்தவரைக்கும் ஆடியில் ஒருநாள் அந்தப் பேருக்கு ஃபாத்திஹா ஓதச் சொல்வார். பிள்ளையார் பேருக்கு ஃபாத்திஹாவா என்று ஓத வந்தவர் முழித்தாலும் ஓதிவிட்டுப் போவார். நான் தேங்காய் உடைப்பேன். என் வீட்டுக்காரர் அதற்கப்புறம் வெகுகாலம் இருந்தார். பேர் சொன்னதால் ஆயுசு ஒன்றும் குறையவில்லை. குறைந்தது வேறு யாருடையதாவதா என்று சில நாள் நினைப்பேன். அன்றைக்கு இருந்தது ஒரு நடை, குரல் ரெண்டு. மறுபடி அப்படி நின்றாலும் கிழக்கேதான் அனுப்புவேன். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் மூணு தரம் கூப்பிடட்டும் என்று காத்திருக்கிற பழக்கத்தை விட்டுவிட்டேன். கரையோரம் நடக்கும்போது, வெயில் காய்கிற நல்ல பகலில், எங்கிருந்தாவது ஒருதரம் கூப்பிட்ட மாதிரி இருந்தாலே நின்று ஏன் என்று கேட்டுவிடுகிறேன். சில நாள் கூப்பிட்டவர் எதிரே வருவார். சில நாள் யாரும் இருப்பதில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.